பிரேக்: நன்று

பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, ஐயா, விற்பவர் நீட்டும் டீயை வேண்டாம் என்று சொல்வது. அதனால்தான் நீங்கள் கொடுத்த இந்த டீயையும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். டீ நன்றாகத்தான் இருக்கும், வாசனையே சொல்கிறது. ஆனால் வேலை முடியும்வரை நான் எதையும் வாயில் வைப்பதில்லை. ஒருவர் வீட்டு டீயைக் குடித்துவிட்டு அவர் வண்டியைக் குறை சொல்ல நாக்குக் கூசும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், சர்க்கரை இட்டவரை அதற்கு மேலும் நினைக்கத் தோன்றிவிடும். முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அப்புறம் குடிக்கிறேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் எழுத்தர் சொன்னார், நீங்களும் ஒரு பழைய சொகுசுக் கார் பார்த்து வைத்திருக்கிறீர்களாம். கறுப்பு நிறம், எட்டு வருடம் ஓடியது, ஒரே கை, அதாவது இதுவரை ஒரே சொந்தக்காரர். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாக்குமூலம் கொடுக்க வந்த இடத்தில் தொழிலுக்கும் ஓர் ஆள் அகப்படுகிறாரே என்று. நடுநடுவே உங்களுக்கு உபயோகமானதையும் சொல்லிக்கொண்டே போகிறேன். தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் கலந்துவிடக் கூடாது.

என் பேரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. 'அறுபது' என்றால் தெரியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் வண்டியை மேலும் கீழும் உள்ளும் புறமும் பார்ப்பேன். என்னிடம் அச்சடித்த தாள் உண்டு, அதில் அறுபது வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை மையில் டிக், அல்லது சிவப்பு மையில் பெருக்கல். கீழே கையெழுத்து. பத்தொன்பது வருடம், ஆயிரத்துச் சொச்சம் வண்டி. என் டிக் ஒன்றைக்கூட ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. எனக்கென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான், அது போனால் நான் தெருவில் போகிற இன்னொரு ஆள்.

வந்த காரியம் இதுதான். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டிய பல் டாக்டர், மூன்று மாதத்துக்கு முன்னால் மலைச்சாலையில் காரோடு விழுந்து இறந்தார். அந்தக் கோப்புதான் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கிறது. இன்ஷூரன்ஸுக்காக வீட்டுக்கு ஒரு நகல் கொடுத்தீர்கள், குடும்பத்தின் சார்பில் நான்தான் வாங்கினேன். நாலாம் பக்கத்தில் 'வாகனம் பழையது என்பதால் பிரேக் பழுதுபட்டு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன். துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேனே, அதுதான் அத்தாட்சி. சமயம் வரும்போது பிரிக்கிறேன்.

என் சகலை தங்கமான மனுஷர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சிரிக்காமல் அவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்காது. ஒரே ஒரு குறை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் ஆட்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியதால், எதிராளியிடமிருந்து பதில் வரும் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. அவர் பாட்டுக்குப் பேசுவார், அவர் பாட்டுக்குச் சிரிப்பார். நாற்பத்தைந்து வயதில் அவருக்குச் சொகுசுக் கார் ஆசை வந்தது. புதிது வாங்க முடியாது, பழையதாவது வேண்டும் என்றார். நான் எச்சரித்தேன்.

"யானை வாங்குறீங்க சகலை. வாங்கறது பெரிசில்ல, தீனி போடணும்."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன். நீங்க கையெழுத்துப் போட்டா கண்ணை மூடிட்டு ஏறி உக்காந்துடுவேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார் என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

விற்றவர் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். நாங்கள் போனது காலை ஏழு மணிக்கு. நீங்களும் காலையில்தான் போக வேண்டும், ஐயா, அதுவும் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால். போனதும் பேச்சுக் கொடுக்காமல் கையைப் பானட்டின் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போதுதான் உண்மையைச் சொல்லும், அந்த உண்மையை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். கேப்டன் வண்டியின் பானட் ஐஸ் மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே அந்த மனுஷர்மேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது சீட் பெல்ட். எல்லோரும் ஒரு சாண் இழுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். கடைசிவரை இழுக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக்கோடு நிற்கும். பிறகு பிரேக் மிதியின் ரப்பர். மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும், ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரண்டு லட்சம் என்று சொல்லும். ரப்பர் சொல்வதை நம்புங்கள். சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள், எட்டு வருடத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில் இருந்தால் ஒரே சாயங்காலம் உட்கார்ந்து எழுதியது. சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு நல்ல விளக்கு இல்லை, பிடுங்கிப்போட்ட விளக்கு. நம் ஆட்கள் விளக்கு எரிந்தால்தான் பயப்படுவார்கள், எரியாததைக் கண்டு பயப்படத் தெரியாது.

சொகுசு வண்டியில் எஞ்சின் யாரையும் கவிழ்ப்பதில்லை. அதில் இருக்கும் சின்னச் சின்ன மோட்டார்கள்தான் குடும்பத்தைக் கெடுக்கும். சீட்டை நகர்த்த ஒன்று, கண்ணாடியை மடக்க ஒன்று, டிக்கியை இழுத்து மூட ஒன்று. பின்கண்ணாடியில் வெயில் படாமல் இருக்கக் கறுப்பு வலைத்திரை ஒன்று எழும்பும், அதற்கும் ஒன்று. இருக்கிற பொத்தான் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்க வேண்டும். வெட்கப்படக் கூடாது, ஐயா.

பன்னிரண்டாவது வரி, பிரேக். தட்டு, கட்டை, குழாய், எண்ணெய், எல்லாம் பார்த்தேன். நாற்பது வேகத்தில் போய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மிதித்தேன். கோடு கிழித்தாற்போல நேராக நின்றது. பச்சை டிக் போட்டு, பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதினேன். நான் யாருக்கும் 'நன்று' எழுதுவதில்லை. அன்று எழுதத் தோன்றியது.

மதியத்துக்குள் அறுபது வரியும் முடிந்தது. அறுபதும் பச்சை. பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சகலை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பாட்டுக்கூட வந்தது.

பதினைந்து நாள் கழித்து மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் சகலை எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். மாமனார், மாமியார், என் மனைவி, கொழுந்தியாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு, "இது நம்ம அறுபது பார்த்த வண்டி. இப்போ பின்னாடி கண்ணாடியைப் பாருங்க" என்று பொத்தானை அமுக்கினார். கர்ர் என்று ஒரு சத்தம். திரை எழும்பவில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடி கர்ர்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. நம்ம அறுபது ஒரு படி இறங்கிட்டார். இனிமே அவர் அறுபது இல்ல, அம்பத்தொம்பது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் பார்த்த அன்று திரை நன்றாகத்தான் இருந்தது, பதினைந்து நாளில் ஏதாவது ஆகியிருக்கும் என்று பொதுவாகச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நகைச்சுவைதானே. ஆனால் சகலை ஒரு சிரிப்பு கிடைத்தால் அதைப் பழைய சட்டை மாதிரி கிழியும்வரை போடுகிறவர். கொழுந்தியாள் பிறந்தநாளில் சொன்னார். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது நர்ஸிடம் சொன்னார். எனக்குத் தெரிந்து பதினான்கு தடவை. பிறகு என் தாளை, அந்த அறுபது பச்சை டிக் போட்ட தாளை, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கிளினிக்கில் மாட்டிவிட்டார். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில். நாற்பத்து மூன்றாவது வரியில், 'பின்கண்ணாடித் திரை' என்ற இடத்தில், நீலப் பேனாவால் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தார்.

கொழுந்தியாள் அதற்கு வேறு விதமாக விளக்கம் சொன்னாள். "அவருக்கு உங்களைப் பத்திப் பெருமை அத்தான். வர்றவங்ககிட்டல்லாம் வண்டி வாங்கணும்னா எங்க சகலையக் கேளுங்கன்னுதான் ஆரம்பிப்பார்" என்றாள். இருக்கலாம். எப்படி ஆரம்பித்தார் என்பதைவிட எப்படி முடித்தார் என்பதுதானே ஜனங்கள் காதில் நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் போன் செய்தார். அதற்கு முன் மூன்று வண்டிக்கு என்னைக் கூட்டிப் போனவர், பேக்கரி வைத்திருப்பவர். பல் பிடுங்கப் போயிருக்கிறார் போல, பேச்சில் பஞ்சு இருந்தது. "ஹலோ, அம்பத்தொம்பது சாரா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு, இந்தத் தடவை வேறு ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வதாகவும் நான் வருத்தப்படக் கூடாது என்றும் சொன்னார். வருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் நான் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். இது என் சொந்த விஷயமாக இருந்தால் விட்டிருப்பேன், ஐயா. ஆனால் என் தாளை நம்பி ஆயிரம் பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் அவனவன் கண்டவனை வைத்துக் கண்ட வண்டியை வாங்கி, பிரேக் பிடிக்காமல் எங்கேயாவது உருண்டு சாவான். குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும். அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று பார்த்தேன். ஒரு மனிதர் வாயை மூடினால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள்.

முதலில் நல்ல வழியைத்தான் முயற்சி செய்தேன். திரையின் மோட்டாரை என் செலவில் மாற்றித் தருகிறேன் என்றேன். சகலை என் தோளில் கைபோட்டார். "அது அப்படியே இருக்கட்டும் சகலை. அது சரியாயிட்டா உங்களைப் பத்திப் பேச எனக்கு வேற என்ன இருக்கு?" என்றார். அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்ப்பார். நல்ல காரியம். ஏறுவது ஒரு மணி நேரம், இறங்குவது நாற்பது நிமிடம், பதினேழு கொண்டை ஊசி வளைவு. அவர் கடைசியாகப் போன புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போய், வண்டி வாங்கி ஆறு மாதம் ஆகிறது, அடிப்பக்கம் ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

வாசலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்தேன். கால் இரண்டும் வெளியே வெயிலில். சகலை உள்ளே போய் ஒரு குடையை எடுத்து வந்து என் கால்மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "திரை வேலை செய்யலேன்னா என்ன, நானே திரை" என்று சொல்லிச் சிரித்தார். அது பதினைந்தாவது தடவை.

இந்த மாதிரி வண்டியில் பிரேக்குக்கு இரண்டு வழி உண்டு, ஐயா. ஒன்று போனாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. அதனால் இரண்டையும் கவனிக்க வேண்டியிருந்தது. உடனே தெரியக் கூடாது, மெல்லக் கசிய வேண்டும், ஏறும்வரை தாங்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கை கழுவினேன். கொழுந்தியாள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். வேலை முடிந்துவிட்டதால் சாப்பிட்டேன்.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்குச் சகலையிடமிருந்து போன் வந்தது. மலைமேல் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு பேசினார். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"சகலை, சிவப்பா ஒரு விளக்கு எரியுது. ஆச்சரியக்குறி மாதிரி. பிரேக்கை மிதிச்சா கொஞ்சம் அதிகமா உள்ளே போற மாதிரி இருக்கு. இறங்கலாமா, இல்ல இங்கேயே யாரையாவது வரச் சொல்லட்டுமா?"

விளக்கு எரியும் என்று எனக்குத் தெரியும். விளக்கையெல்லாம் நல்லபடியாகப் பார்த்துக் கொடுத்தவன் நான்தானே. முப்பத்தொன்றாவது வரி, பச்சை டிக்.

"சென்சார் தகராறா இருக்கும். இந்த வண்டிங்களுக்கே உள்ள வியாதி அது. மெதுவா இறங்கி வாங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்றார்.

அதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நகைச்சுவை இல்லை, ஐம்பத்தொன்பது இல்லை. நீங்க சொன்னா சரி. பழைய மாதிரி, சுத்தமாக. ஆறு மாதமாக நான் அவரிடம் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான். போனை வைத்ததும் எனக்கு அவர்மேல் இருந்த மனத்தாங்கல் எல்லாம் போய்விட்டது. ஆனால் அதற்குள் அவர் கிளம்பியிருப்பார். வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் செய்து பேசுவது ஆபத்து, அதனால் நான் மறுபடி கூப்பிடவில்லை.

ஒன்பதாவது வளைவு. கூட யாரும் இல்லை. கொழுந்தியாளும் அன்று போவதாக இருந்ததாம், தலைவலி என்று நின்றுவிட்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். முன்கூட்டியே கேட்டிருக்கலாம், ஆனால் கேட்டால் வித்தியாசமாகத் தெரியும். அவளுக்கு நல்ல நேரம்.

அதன் பிறகு நான் வீட்டில் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி, காகிதம், வங்கி, கிளினிக்கைக் காலி செய்வது என்று எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தேன். மூத்த மாப்பிள்ளை இல்லையென்றால் இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார். கொழுந்தியாள் எதற்கெடுத்தாலும், அத்தானைக் கேட்டுச் செய்யலாம் என்கிறாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. இறந்தவரின் வண்டியைப் பற்றி யாரும் நகைச்சுவை சொல்ல மாட்டார்கள் அல்லவா. அந்தத் திரை விவகாரம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத தப்பு. பிரேக்கும் என் தாளில் இருக்கிறது, ஐயா. பன்னிரண்டாவது வரி. ஒன்றை அழிக்கப் போய் இன்னொன்றில் கையை வைத்துவிட்டேன். அறுபதில் இல்லாத ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் என் தாள் அப்படிப்பட்டது, ஒரு காரில் ஆளைக் கொல்லக்கூடிய எதையும் நான் அதில் விட்டுவைக்கவில்லை.

உங்கள் நாலாம் பக்கம் வெளியே தெரிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. மாமனார் ஒரே ஒரு வரிதான் சொன்னார், "நீங்க பார்த்த வண்டிதானே மாப்பிள்ளை" என்று. குறையாகச் சொல்லவில்லை, சும்மா ஞாபகப்படுத்துவது போல. சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். போன மாதம் எனக்கு இரண்டு வண்டிதான் வந்தது. இந்த மாதம் ஒன்றும் இல்லை. நேற்றுக் காலை டயர் கடை வாசலைத் தாண்டிப் போகும்போது, உள்ளே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. "அதோ போறாரே, அம்பத்தெட்டு."

ஐம்பத்தெட்டு. திரை ஒன்று, பிரேக் ஒன்று.

நேற்று முழுக்க யோசித்துவிட்டு இன்று காலை குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மனைவியிடம் ஒரு வண்டி பார்க்கப் போவதாகச் சொன்னேன். இப்போது இதைப் பிரிக்கிறேன், பாருங்கள். கிளினிக் சுவரிலிருந்து நான்தான் கழற்றி எடுத்து வந்தேன். சட்டம், கண்ணாடி, உள்ளே தாள். அந்தச் சிரிக்கிற முகத்தைக்கூட நான் அழிக்கவில்லை, அத்தாட்சியில் கை வைக்கக் கூடாது. பன்னிரண்டாவது வரியைப் பாருங்கள். பிரேக். பச்சை டிக். 'நன்று.' என் கையெழுத்து, தேதி. அந்த பிரேக் பழையதாகிக் கெடவில்லை. நான் கெடுத்தேன். என் சகலையைக் கொல்ல வேண்டும் என்று, புத்தி தெளிவாக இருக்கும்போது, என் கையால் செய்தேன். போனில் இறங்கச் சொன்னதும் நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வண்டி நல்ல வண்டி. நாலாம் பக்கத்தில் அந்த வரியை மட்டும் அடித்துவிட வேண்டும், அடித்த நகல் ஒன்று டயர் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது.

உங்கள் கறுப்பு வண்டியை நானே வந்து பார்த்திருப்பேன். இனி முடியுமோ முடியாதோ. பானட், பெல்ட், ரப்பர், புத்தகம், விளக்கு, பொத்தான்கள். இந்த வரிசையை விடாதீர்கள். எட்டு வருட வண்டிக்கு நாற்பதுக்கு மேல் பச்சை வந்தாலே நல்ல வண்டி, அறுபது வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

இதையா கேட்கிறீர்கள்? கண்ணாடிக்குள் தாளில் தெரிகிற இந்த வட்டமா? நாற்பத்து மூன்றாவது வரிமேல் பழுப்பாக. ஆமாம், டீ கிளாஸ் வைத்த தடம்தான். கெட்டிக்காரர், ஐயா, நீங்கள். மாதக்கணக்கில் அது கிளினிக் சுவரில் தொங்கியது, ஊரே பார்த்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. சகலைகூட அதற்குப் பக்கத்திலேயே முகம் வரைந்தார், அவர் கண்ணிலும் படவில்லை.

இனி நான் இந்த டீயைக் குடிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆறிவிட்டது, பரவாயில்லை.

அன்றைய டீயைக் கேப்டனின் மனைவிதான் கொண்டுவந்து வைத்தார்கள், பானட்டின் மேல், என் தாளின் மேலேயே. எடுத்துக்குங்க என்று அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வரி முடிந்திருந்தது. நாற்பத்திரண்டும் பச்சை. பத்தொன்பது வருடத்தில் நான் அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை, புல்வெளி மாதிரி இருந்தது. பின்சீட்டில் உட்கார்ந்து அந்தப் பொத்தானில் விரலை வைத்தேன். வைத்தேனே ஒழிய அமுக்கவில்லை. அமுக்கி, திரை எழும்பாமல் போய்விட்டால் சிவப்பு மையை எடுக்க வேண்டி வருமே என்று பயமாக இருந்தது. விரலை எடுத்துவிட்டு, வெளியே வந்து, டீயைக் குடித்துவிட்டு, டிக் போட்டேன்.

கொலையை எழுதிக்கொண்டீர்கள் அல்லவா, அது போதும். இதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா.